எடுக்காத பொட்டலம்

மூன்றாவது வரிசையில் அக்கா உட்கார்ந்திருப்பதை நான் பார்த்தபோது பேராசிரியர் அந்தக் கதையின் முதல் இரண்டு வரியைத்தான் சொல்லியிருந்தார். மடியில் கண் ஆஸ்பத்திரிக் கவர். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் மேடையில் மொழிபெயர்ப்பதை ஒருநாள் கேட்கவேண்டும் என்று அவளுக்கு வெகுநாள் ஆசை. கண்ணைக் காட்ட சேலம் வந்தவள், சொல்லாமல் கொள்ளாமல் இங்கே ஏறி வந்துவிட்டாள். பேராசிரியர் சொல்லிக்கொண்டிருந்தது அவளுடைய கதை. அது தன் கதை என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை.

பேராசிரியர் சேலத்தில் ஒரு கல்லூரியில் தத்துவம் கற்பித்து ஓய்வு பெற்றவர். அஸ்தம்பட்டியில் ஒரு கிளினிக்குக்கு மேலே இருந்த சின்ன ஹாலில் மாதம் ஒரு சனிக்கிழமை காலை, இன்றைய சமூகத்தில் சமயம் என்று பொதுச் சொற்பொழிவு நடத்துவார். ஓய்வுபெற்ற பேங்க்காரர்கள், வாத்தியார்கள், நான்கைந்து மாணவர்கள், டீக்கும் பிஸ்கட்டுக்கும் மட்டுமே வருகிற ஒரு பெரியவர் என்று நாற்பது பேர் தேறும். வருடத்தில் ஒரு பருவம் அதே சொற்பொழிவுகள் பன்னாட்டுப் பாடமாகவும் ஆகும். அப்போது சுவரில் ஒரு திரையைக் கட்டுவார்கள். அதில் கட்டம் கட்டமாக வெளிநாட்டு முகங்கள் தெரியும். பேராசிரியருக்கு நல்ல ஆங்கிலம் வரும். ஆனாலும் சாமியைப் பற்றித் தமிழில்தான் பேசுவேன் என்பார். அதை ஆங்கிலமாக்க, திருச்செங்கோட்டில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் ஆங்கிலம் எடுக்கிற நான் பஸ் ஏறிப் போவேன். என்னை டீச்சரம்மா என்பார். நான் ஐயா என்பேன்.

புத்தகத்திலிருந்து உதாரணம் எடுப்பது அவருக்குப் பிடிக்காது. நம்ம பக்கத்து வீடுகளில் நடந்ததாக இருக்கவேண்டும், ஆனால் கேட்டு வாங்கியதாக இருக்கவேண்டும். "ஆளுக்கிட்டக் கேக்காம அவிய ஊட்டுச் சமாச்சாரத்தை மேடையில எடுக்கக் கூடாதுங்க. பேரை மாத்திட்டா ஆச்சுன்னு நெனைக்கறதும் திருட்டுத்தானுங்க" என்று அடிக்கடி சொல்வார். ரிக் லாரிக்காரர் ஒருவர் போர்வெல் போடும் இடத்தில் முதல் பைப் இறக்குமுன் செய்கிற பூசையை வைத்து ஒரு சொற்பொழிவு முழுக்கத் தயார் செய்திருந்தார். முந்தின நாள் அந்த மனிதர் போனில் "வேண்டாமுங்க சார்" என்றதும் அத்தனையையும் தூக்கி வைத்துவிட்டு வேறு பேசினார். இப்படியும் ஒரு மனிதரா என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

குடும்பம் தன் வாயால் சொல்ல முடியாததைச் சாமியின் வாயில் எப்படிப் போடுகிறது என்பது அடுத்த பாடம். உதாரணம் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தார். டீ குடிக்கும்போது நான்தான் வலியப் போய், "எங்கூட்டுலயே ஒண்ணு இருக்குதுங்கய்யா" என்றேன். இருபது வருடம் யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். பாரம் இறங்கட்டும் என்றுதான் சொன்னேன் என்று பின்னால் எனக்கு நானே சமாதானம் செய்துகொண்டேன். முழுப் பொய். அவர் கண் விரிய வேண்டும், இந்த டீச்சரம்மாவிடம் இவ்வளவு சரக்கு இருக்கிறதா என்று நினைக்க வேண்டும். அதற்காகத்தான் சொன்னேன்.

நடந்தது இதுதான். அக்கா ஆசிரியப் பயிற்சியில் இருந்தபோது கூடப் படித்த பள்ளிபாளையத்துக்காரர் ஒருவரைக் கட்டிக்கொள்வேன் என்றாள். எங்கள் சாதி இல்லை. அப்பா ரிக் லாரி வைத்திருந்தவர். ஊரில் நாலு பேருக்கு நியாயம் சொல்கிறவர். முடியாது என்று அவர் சொன்னால் அக்கா படியிறங்கிப் போய்விடுவாள், சரி என்றால் சொந்தக்காரர்கள் படியேற மாட்டார்கள். கடைசியில் குலதெய்வத்திடம் பூக் கேட்பது என்று முடிவானது. அக்காவும் ஒத்துக்கொண்டாள். அவளுக்கு அம்மன் மேல் அவ்வளவு நம்பிக்கை. எங்கள் கோயில் வழக்கப்படி வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், வாழை இலையில் மடித்து நாரால் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள், சிவப்பு வந்தால் இல்லை. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது. வேப்பமரத்தடியில் அப்படியே போட்டுவிட்டு வரவேண்டும். மடிப்பது அந்த வீட்டுப் பெண். யாருக்காகக் கேட்கிறார்களோ அவள் தொடக் கூடாது. அதனால் நான் மடித்தேன். அன்று காலை அப்பா கொட்டகைக்குள் என்னைக் கூப்பிட்டு, "ரெண்டுலயும் செவப்பே வெய்யி சாமி" என்றார். வைத்தேன். சிவப்பு வந்தது. அக்கா விழுந்து கும்பிட்டுவிட்டு எழுந்தாள். அப்புறம் யாரையும் கட்டிக்கொள்ளவே இல்லை.

பேராசிரியர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "அக்காளுக்கு இது தெரியுமுங்களா?" என்றார். "தெரியுமுங்கய்யா." "மேடையில சொல்றதுக்குச் சம்மதமுங்களா?" "கேட்டுட்டனுங்கய்யா." அடிப் பாவி! நாக்கு ஒரு நொடி தடுமாறியிருக்கக் கூடாதா?

அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை வந்தது. பேராசிரியர் ஊர், பேர் எதுவும் சொல்லவில்லை. ஒரு வீடு, ஒரு தகப்பன், இரண்டு பெண்கள் என்றுதான் சொன்னார். செவ்வரளி என்ற சொல் வந்ததும் அக்காவின் சிரிப்பு நின்றது. "ரெண்டு பொட்டலத்துலயும் செவப்புப் பூத்தான் இருந்துதுங்க" என்று சொல்லிவிட்டு, நான் ஆங்கிலத்தில் சொல்வதற்காக என் பக்கம் திரும்பினார். நான் ஒன்றில் சிவப்பு, ஒன்றில் வெள்ளை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. தமிழில் போனதைத் தடுக்க முடியவில்லை, ஆங்கிலத்திலாவது தடுத்துவிடலாம் என்று கிறுக்கு மாதிரி தோன்றியிருக்கும். முன்னால் இருப்பவளுக்கு உண்மை போய்ச் சேர்ந்துவிட்டது, கடல் தாண்டி இருப்பவர்களுக்குப் பொய்யைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? திரையில் ஒரு ஜெர்மன் பெண் கையைத் தூக்கினாள். ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை என்றால் அது நேர்மையான வழிதானே, இதில் குடும்பம் என்ன செய்தது, எனக்குப் புரியவில்லையே என்று கேட்டாள். பேராசிரியர் என்னைப் பார்த்தார். பிறகு நான் பார்த்துக்கொண்டிருந்த திசையைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "இந்த உதாரணத்தை நான் எடுத்திருக்கக் கூடாது, மன்னிச்சுக்குங்க" என்று அவரே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, கூட்டத்தை அதோடு முடித்தார்.

மேடையிலிருந்து இறங்கி நேராக அக்காவிடம் போனார். எழுபது வயது மனிதர், கைகூப்பி நின்றார். "உங்களைக் கேக்காமச் சொல்லிப்போட்டனுங்கம்மா. தப்பு என்னோடதுங்க" என்றார். நான் சம்மதம் வாங்கியதாகச் சொன்னதை அவர் சொல்லவே இல்லை. அக்கா எழுந்து நின்று, "உடுங்கய்யா, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றாள். என்னிடம் அவர் கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "டீச்சரம்மா, அடுத்த மாசத்துக்கு நான் வேற ஆளு பாத்துக்கறனுங்க" என்றார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் என்னைக் கூப்பிடவில்லை. நானும் அந்த மாடிப்படி ஏறவில்லை.

திருச்செங்கோடு பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் ஒட்டுக்கா உட்கார்ந்து வந்தோம். சங்ககிரி வரைக்கும் அக்கா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை முட்டியது; அழுதால் அவள் சமாதானம் செய்வாளே என்று பயந்து அடக்கிக்கொண்டேன். பஸ் சங்ககிரியில் நின்று கிளம்பியதும், "நான் அன்னைக்கே பிரிச்சுப் பாத்துட்டேன் புள்ள" என்றாள். எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் அவள் வேப்பமரத்தடிக்குத் திரும்பிப் போயிருக்கிறாள். அம்மன் தண்டித்தாலும் சரி என்று நாரை அவிழ்த்திருக்கிறாள். "அப்ப ஏங்க்கா அப்பாவைக் கேக்கல?" என்றேன். "அவரு செய்வாருன்னு எனக்குத் தெரியாதா? நீ வந்து சொல்லுவீன்னு பாத்தேன். ஒரு வாரம் பாத்தேன். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தீன்னா, நம்மூட்டுல ஒருத்தியாச்சும் என் பக்கம் இருக்கறான்னு தைரியமாக் கெளம்பியிருப்பேன்." குரலை உயர்த்தவில்லை. "இத்தனை நாட்டுக்காரங்களுக்குச் சொல்ல முடிஞ்சுதில்ல உனக்கு" என்றாள்.

பேராசிரியர் போன வருடம் காலமானார். நினைவு மலர் போடுகிறோம், மொழிபெயர்த்தவர் என்ற முறையில் நீங்களும் எழுதவேண்டும் என்று அவருடைய மாணவர்கள் கேட்டார்கள். அவருடைய அறிவு, அடக்கம் என்று நாலு பக்கம் எழுதித் தள்ளியிருக்கலாம். அவர் என் பொய்யைத் தன் தலையில் போட்டுக்கொண்டதை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. அதனால் இதை எழுதினேன். இந்த முறை அனுப்புவதற்கு முன்னால் பள்ளிபாளையத்துக்குப் போனேன். அக்கா அங்கேதான் ஒரு பள்ளியில் தலைமை ஆசிரியை. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி முழுவதையும் படித்துக் காட்டினேன்.

குறுக்கே பேசாமல் கேட்டாள். "அனுப்பு. அப்பனைப் பத்தி எழுதுனதும் இருக்கட்டும்" என்றாள். பிறகு, "அப்பன் சொன்னாருன்னு பயந்துட்டு மடிச்சேன்னு ஒரு வரி எழுதியிருக்கறயே, அதை மட்டும் எடுத்துரு" என்றாள்.

ஏன் என்றேன்.

"நீ பயப்படல புள்ள. பூத்தட்டத்தைத் தூக்கிட்டு நீ வாரப்ப உன்ற மூஞ்சிய நான் பாத்துட்டேதான நின்னேன். அப்பன் உன்னை நம்பிட்டாருன்னு உனக்கு அத்தனை சந்தோசம்."

அந்த வரியை எடுத்துவிட்டேன்.