கிழங்குக் களத்தில் விழுந்த டயர் கோடு

போன மாதம் ஒரு சனிக்கிழமை கல்வராயன் மலைக்குப் போய் வந்தேன். அருவி பார்க்க அல்ல. என் மனைவியின் தம்பி குமாரின் டிராக் ரேஸ் காரைச் சோதித்துப் பார்க்க.

குமார் கிழங்கு வியாபாரி. பழைய அம்பாசடர் ஒன்றில் வேறு இன்ஜின் மாட்டி, நேர்கோட்டில் கால் மைல் ஓடும் பந்தயங்களுக்குக் கொண்டுபோகிறான். இதுவரை மூன்று பந்தயம். மூன்றிலும் பச்சை விளக்கு எரிந்ததும் பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றி, தரையில் கருப்புக் கோடு போட்டுப் புகை கிளப்பின. புகை அடங்கிப் பார்த்தால் பக்கத்து வண்டி ஓட்டத்தையே முடித்திருக்கும்.

அவன் மனைவி மலர் கெடு வைத்துவிட்டாள். "இந்த ஒரு வாட்டிதான். தரையில கருப்பா கோடு விழுந்துச்சுன்னா, வண்டிய வித்துட்டு லோடு வேன் வாங்கணும்." குமார் ஒப்புக்கொண்டான். நான் இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் நடுவர் வேலை எனக்கு வந்தது.

பொது ரோட்டில் இதையெல்லாம் செய்யக்கூடாது. வெள்ளிமலைக்குப் பக்கத்தில், குமாருக்குக் கிழங்கு போடும் சின்னத்தம்பியிடம் மரவள்ளி காயவைக்கும் சிமெண்டுக் களம் இருக்கிறது. இருநூறு அடி நீளம். போதும். புறப்பாடு சரியா தவறா என்பது முதல் அறுபது அடியில் தெரிந்துவிடும்.

காலை ஆறரைக்குக் கள்ளக்குறிச்சியில் இட்லி சாப்பிட்டோம் (மூன்று பேருக்கு 140 ரூபாய்). கச்சிராயபாளையம் வழியாக ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். அம்பாசடரின் பின்சீட்டில் மலர் ஒவ்வொரு குழிக்கும் கூரையைத் தொட்டுத் தொட்டு வந்தாள்.

"இன்னாங்க இது, வண்டியா உலக்கையா?"

"மலை ரோடு அப்படித்தான் இருக்கும்."

"மலையே இன்னும் வரலியே."

வழியில் நான் பாடம் நடத்தினேன். பஸ் சட்டென்று கிளம்பினால் நிற்கிறவர் பின்னால் சாய்வார் அல்லவா? காரின் எடையும் அப்படித்தான் பின்சக்கரத்துக்குப் போகும். அதற்கு முன்பக்க ஸ்பிரிங் இளகி மூக்கைத் தூக்கவிட வேண்டும். பின்பக்கம் குதிக்காமல் அமர வேண்டும். டயருக்கு அழிரப்பரை நினைத்துக்கொள்ளுங்கள். கெட்டி ரப்பர் வருஷம் முழுக்க வரும், ஆனால் தாளைத்தான் கிழிக்கும். மெத்தென்ற ரப்பர் சீக்கிரம் தேயும், ஆனால் அழிக்கும். குமாருக்குப் பளபளப்பான அகல டயர் மேல்தான் ஆசை. நான் சொன்னதற்காக மெத்தென்ற ஜோடி ஒன்றையும் டிக்கியில் போட்டிருந்தான்.

ஒன்பது மணிக்குக் களம். காயவைக்கும் வேலை முடிந்து காலியாக இருந்தது. மெத்தென்ற டயர்களை மாட்டினோம். குமார் ஆக்சிலேட்டரை மிதித்தான். வண்டியின் பின்புறம் தவளை போல நாலு முறை துள்ளியது. புகை. மூன்று முழத்துக்குக் கருப்புக் கோடு.

மலர் கோட்டின் மேல் நடந்து பார்த்தாள். "வேன் வெள்ளைக் கலர்ல வாங்கலாம்."

குமார் ஸ்டீயரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை. எனக்கு அந்தத் துள்ளல் உறுத்தியது. குனிந்து பார்த்தேன். பின்பக்க ஸ்பிரிங்கில் ஐந்து இரும்புப் பட்டை இருக்க வேண்டிய இடத்தில் ஏழு இருந்தன. முந்தின நாள் வேலை பார்த்த பட்டறை பாய்க்கு போன் போட்டான் குமார்.

"நீதான மலைக்குப் போறேன்னு சொன்ன? வரும்போது சும்மாவா வருவ? லோடு ஏத்துவியேன்னுதான் ரெண்டு பட்டை சேத்துப் போட்டேன். டிக்கியில இருந்த டயருக்கும் நாப்பத்தஞ்சு பவுண்டு காத்து வெச்சிருக்கேன்."

"ரேஸ் வண்டி பாய் இது."

"இருக்கட்டுமே. ரேஸ் வண்டில கிழங்கு ஏத்தக்கூடாதா?"

நடுவர் தீர்ப்பு சொன்னேன்: கேள்வித்தாள் மாறி வந்தால் தேர்வு செல்லாது, மறுதேர்வு உண்டு. மலர் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "உங்க மச்சினன்னு பாஸ் போடுறீங்கண்ணே. சரி, ஒரே ஒரு வாட்டி."

சின்னத்தம்பியின் டிராக்டர் ஸ்பானர்களை வாங்கி, பட்டைகளைக் கழற்றி முடிக்க மதியம் ஆனது. டயர் தரையில் நன்றாகப் பதிய, காற்றைப் பதினெட்டு பவுண்டுக்கு இறக்கினோம். குமார் ஏறினான். வேர்வையில் சட்டை சீட்டோடு ஒட்டியிருந்தது. மூக்கு உயர்ந்தது, பின்புறம் அமர்ந்தது, வண்டி பாய்ந்தது. கோடில்லை. மலர் குனிந்து, விரலால் தேய்த்தும் பார்த்தாள்.

பிறகு சாவிக்குக் கை நீட்டினாள். "நானும் பாக்கறேன், அப்படி இன்னாதான் இருக்குதுன்னு."

ஏழு முழம். கருகருவென்று.

சின்னத்தம்பி, "கழுவிக் குடுத்துட்டுப் போங்க" என்றார். மலர் இறங்கிவந்து கோட்டைப் பார்த்தாள். டயரை உதைத்துப் பார்த்தாள். "காத்து ஜாஸ்தியா இருக்குதுங்க. ரெண்டு பவுண்டு கம்மி பண்ணுங்க. இன்னொரு வாட்டி போறேன்."

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: பட்டறையில் விடும்போது எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று சொல்லாதீர்கள், எதற்கு என்று சொல்லுங்கள். மெத்தென்ற டயரை மலை ரோட்டில் ஓட்டாமல் இடத்துக்குப் போய் மாட்டுங்கள். காற்றை இரண்டிரண்டு பவுண்டாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் செய்தால் எது பலித்தது என்று தெரியாது. மலையில் பெட்ரோலை நம்பாமல் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள். எங்களுக்கு 1,800 ரூபாய் ஆனது. களம் கழுவ ஒன்றரை மணி நேரம், இலவசம்.

வேன் வாங்கவில்லை. அடுத்த பந்தயத்துக்கு மனு கொடுத்தாகிவிட்டது. ஓட்டுநர் என்ற இடத்தில் மலரின் பெயர். காற்று அடிக்க ஒருவரை உடன் அழைத்து வரலாமாம், குமார் போகிறான்.