ஏழுமலையின் செல்களுக்கு வந்த அவசரம்

1. கைதட்டல்

ஜெனிஃபரின் செல்கள் அன்று காலை, நாங்கள் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு துளைத்திருந்தன. லேப்பில் எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு மட்டும் மூக்கில் வேர்த்தது.

தண்டையார்பேட்டையில் ஒரு சின்ன புற்றுநோய் ஆராய்ச்சிக் கூடம். அதில் செல் கல்ச்சர் அறைக்கு முப்பது வருடம் நான்தான் டெக்னீஷியன். மனித உடம்பிலிருந்து எடுத்த செல்களை பிளாஸ்டிக் ஃபிளாஸ்க்கில் போட்டு, மீடியா என்கிற சிவப்புத் திரவத்தை ஊற்றி, இன்குபேட்டர் என்கிற பெட்டியில் உடம்புச் சூட்டிலேயே வளர்ப்பதுதான் செல் கல்ச்சர். இந்த வேலையில் பாதி வளர்ப்பது, மீதி சந்தேகப்படுவது. மீடியா லேசாகக் கலங்கினாலும் பூஞ்சையோ என்று பார்க்க வேண்டும். இந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. பால் பாக்கெட்டைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். "நீ போலீஸ்ல சேந்திருக்கணும்டி" என்பார் என் கணவர்.

அப்போது எங்கள் ஆராய்ச்சி வாய்ப்புற்றுநோய் பற்றியது. கட்டி ஏன் வருகிறது என்பதல்ல எங்கள் கேள்வி. வந்த இடத்தில் சும்மா கிடக்காமல் பக்கத்துச் சதையை எப்படித் துளைத்துப் போகிறது என்பதுதான். அதைப் பார்க்க இன்செர்ட் என்று ஒன்று உண்டு. சுண்டுவிரல் நுழையும் அளவுக்குச் சின்ன பிளாஸ்டிக் கிண்ணம். அதன் அடியில் பொடி ஓட்டைகள் போட்ட மெல்லிய படலம். அதன்மேல் ஒரு ஜெல்லைப் பரப்புவோம். குளிரில் தண்ணீராக இருந்து சூட்டில் அல்வாவாக உறையும் ஜெல் அது; எங்களுக்கு அதுதான் சதை. மேலே செல்களை விட்டு, கீழே தீனியை வைத்துவிட்டால், துளைக்கத் தெரிந்த செல் ஜெல்லைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்கும். மறுநாள் மேலே மிச்சமிருப்பவற்றைப் பட்ஸால் துடைத்துவிட்டு, இறங்கியவற்றுக்கு ஊதாச் சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் எண்ண வேண்டும். துடைக்காமல் எண்ணினால் சும்மா உட்கார்ந்திருந்த செல்லும் துளைத்ததாகத் தெரியும்.

ஜெனிஃபர் ராயபுரத்துப் பெண். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர். அந்த வீட்டில் முதல் முதலாக பிஎச்டி செய்ய வந்தவள். அவளுடைய செல்கள் ஏழுமலை என்கிற கோடவுன் லோடுமேனின் கன்னத்துக் கட்டியிலிருந்து வந்தவை. ஆபரேஷனுக்கு முன்பே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். பக்கத்து ஆஸ்பத்திரிக்கு செக்கப் வரும்போதெல்லாம் எங்கள் மாடிக்கும் ஏறி வருவார்.

"எக்கா, என் செல்லு இன்னா பண்ணிகினு கீது?"

"சூப்பரா வளருதுப்பா."

"அங்கயும் அத்தே ஆட்டமா? வுடாத, இன்னா ஏதுன்னு கண்டுபுடி. என் தம்பியும் மாவா பொகையில போட்டுகினு கீறான். சொன்னா கேக்க மாட்றான்."

மாதாமாதம் அவருக்கு இதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

2. வேவு

ஜெனி துடைக்காமல் எண்ணியிருக்கிறாள் என்பதுதான் என் முதல் சந்தேகம். மறுநாள் திருவொற்றியூரிலிருந்து முதல் பஸ் பிடித்து, அவள் வருவதற்கு முன்பே லேப்புக்குப் போனேன். அவளுடைய இன்செர்ட்களை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்து மேல்பக்கத்தை ஃபோகஸ் செய்தேன். சுத்தமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. நானே ஒரு தடவை எண்ணினேன். அவள் சொன்ன எண்ணிக்கைதான் வந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அவளுடைய ஃபிளாஸ்க்கை எடுத்துப் பார்த்தேன். தொடக்கத்தில் அவள் எடுத்த படத்தில் ஏழுமலையின் செல்கள் மக்காச்சோள முத்துக்கள் மாதிரி நெருக்கி ஒட்டிக்கொண்டிருந்தன. இப்போது ஃபிளாஸ்க்கில் இருந்தவை ஆளுக்கொரு பக்கம் சிதறிக் கிடந்தன. அந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேன். குனிந்தால் அதே இன்குபேட்டரின் கீழ்த்தட்டில் இருந்தது, எங்கள் லேப்பின் பழைய செல். வாய்க்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு உறுப்பின் கட்டியிலிருந்து எந்தக் காலத்திலோ எடுத்தது. ஒரே நாளில் இரண்டு மடங்காகும். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிற ஜாதி. பக்கத்து ஃபிளாஸ்க்கில் ஒரு துளி விழுந்தால் போதும், சில வாரத்தில் அங்கே அது மட்டும்தான் இருக்கும்.

ஜெனி வந்ததும் கேட்டேன்.

"ரெண்டு செல்லுக்கும் தனித்தனி மீடியா பாட்டில்தானே யூஸ் பண்ற?"

"இன்னாக்கா இப்டி கேக்குறீங்க? நீங்கதானே அந்த ரூலையே செவுத்துல ஒட்டி வெச்சிகீறீங்க."

"ஒட்டி வெச்சா ஆச்சா? எல்லாரும் ஃபாலோ பண்றாங்களா?"

அவள் முகம் சுருங்கிவிட்டது. நான் நேராக எங்கள் தலைவியான டாக்டரிடம் போய், டிஎன்ஏ டெஸ்ட் செய்ய வேண்டும் என்றேன். கட்டுரையை அனுப்பத் தயாராக இருந்தவருக்கு எரிச்சல்.

"வள்ளி, நீங்க எதுலதான் சந்தேகப்படாம இருந்திருக்கீங்க?"

"ஒரு டெஸ்டுதானே மேடம். நான் சொன்னது தப்புன்னா ஜெனிகிட்ட மன்னிப்பு கேட்டுக்கறேன்."

3. மூன்றும் ஐந்தும்

ஃபிளாஸ்க் நிரம்பியதும் செல்களைப் பிரித்துப் புது ஃபிளாஸ்க்குக்கு மாற்றுவதை ஒரு பாசேஜ் என்போம். அவ்வப்போது கொஞ்சத்தை எடுத்து நைட்ரஜன் டேங்க்கில் உறைய வைப்போம். ஜெனி ஒழுங்காக வைத்திருந்தாள். மூன்றாம் பாசேஜ், ஐந்தாம் பாசேஜ், கைதட்டல் வாங்கிய பன்னிரண்டாம் பாசேஜ், மூன்றையும் ஏழுமலையின் ரத்தத்தோடும் பழைய செல்லோடும் சேர்த்து டெஸ்டுக்கு அனுப்பினோம்.

ரிசல்ட் வந்தது. மூன்றாவது ஏழுமலையுடையது. ஐந்தாவது கலப்படம். பன்னிரண்டாவதில் ஏழுமலை பொட்டு அளவுகூட இல்லை, முழுக்க எங்கள் பழைய செல்தான். ஏழு மாதமாக வாய்ப்புற்று என்று நினைத்து வேறு எதையோ ஆராய்ந்திருக்கிறோம்.

டாக்டர் ஜெனியைக் கூப்பிட்டார். நானும் பக்கத்தில் நின்றேன்.

"வள்ளி சந்தேகப்பட்டது சரியாப் போச்சு. உன் கையில சுத்தம் இல்ல ஜெனி. இந்த ப்ராஜெக்ட்டை வேற ஆளுகிட்ட கொடுக்கப் போறேன்."

"நான் பண்ணல மேடம்."

"பின்ன? செல்லு தானா எகிறிக் குதிச்சு வந்துச்சா?"

அந்த நிமிஷம் எனக்குப் பெருமையாக இருந்தது. எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் இருந்தது. டாக்டர் என்னிடம் கல்ச்சர் நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். எந்த நாள் யார் எந்த செல்லுக்கு மீடியா மாற்றினார்கள் என்று எழுதும் நோட்டு. வராண்டாவில் நடந்துகொண்டே, மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் இருந்த பக்கத்தைப் புரட்டினேன். நான்கு நாள் தொடர்ந்து ஜெனியின் கையெழுத்து இல்லை. 'வ' என்று இருந்தது. அது என் எழுத்து.

அக்காவின் கல்யாணத்துக்காக ஜெனி தூத்துக்குடிக்குப் போயிருந்த வாரம் அது. சனிக்கிழமை. விடாத மழை, தெருவில் முழங்கால் தண்ணீர், பஸ் நிற்கப் போகிறது என்று வாட்ச்மேன் வந்து சொல்லிவிட்டுப் போனார். மெதுவாக வளரும் செல்லுக்கு முதலில் மீடியா மாற்ற வேண்டும், வேகமானதைக் கடைசியில் தொட வேண்டும். இதுவும் நான் போட்ட ரூல்தான். ஆனால் பழைய செல்லின் மீடியா பசியில் மஞ்சளாகிக் கிடந்ததால் அதற்கு முதலில் ஊற்றினேன். செல்லைத் தொட்ட பிப்பெட்டை, அதாவது மீடியாவை உறிஞ்சும் குழாயை, திரும்ப அதே பாட்டிலில் விட்டேன். பாட்டிலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இந்த ஒரு தடவைதானே என்று அதையே ஏழுமலையின் செல்லுக்கும் ஊற்றிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினேன்.

நோட்டில் பாட்டில் நம்பருக்கு ஒரு கட்டம் உண்டு. அன்று அது காலி. ஒரு கட்டம் காலியாக விட்டதற்காக நான் எத்தனையோ ஸ்டூடன்ட்களை அழ வைத்திருக்கிறேன்.

அந்த நோட்டை வைத்து யாராலும் எதையும் நிரூபிக்க முடியாது. எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு நான்கு மாதம்தான் பாக்கி. "பாத்தேன் மேடம், ஒண்ணும் தெரியல" என்றால் முடிந்தது. அந்த வாக்கியத்தை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிக்கூடப் பார்த்தேன். அதற்குள் டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்துவிட்ட ஜெனி, மாடிப்படியில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணியும் இல்ல நைனா. வேலை ஜாஸ்தி கீது. நீ சாப்டு, நான் வந்துகினே கீறேன்."

அவள் குரலில் அழுகையின் சாயலே இல்லை. அப்பாவுக்குத் தெரியக் கூடாது என்று அவ்வளவு கவனமாகப் பேசினாள்.  நோட்டோடு உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

டாக்டர் நோட்டை வாங்கி அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்தார். பிறகு, "ப்ராஜெக்ட் அவகிட்டயே இருக்கட்டும். ஜெனிகிட்ட நீங்களே சொல்லுங்க" என்றார்.

4. மன்னிப்பு

படிக்கட்டிலேயே சொன்னேன். தப்பு என்னுடையது, ப்ராஜெக்ட் உன்னிடம்தான் இருக்கும், மன்னித்துவிடு என்றேன். ஜெனி நிமிர்ந்து பார்த்தாள்.

"தப்பு யாரு வேணா பண்ணுவாங்கக்கா. ஆனா காலங்காத்தால வந்து என் இன்செர்ட்ட நோண்டிப் பாத்தீங்களே, அது எனக்குத் தெரியும். வெச்ச ட்ரே மாறி இருந்துச்சு. என்னைய திருடி மாதிரி பாத்தீங்க. உங்களைய ஒரு வாட்டியாவது அப்டி பாத்துகினீங்களா?"



மூன்றாம் பாசேஜில் ஒரே ஒரு குப்பி மிச்சம் இருந்தது. அதை ஜெனி எடுத்து உயிர்ப்பித்தாள். நிஜமான ஏழுமலை செல்கள் பொறுமைசாலிகள். ஒரே நாளில் துளைக்கவில்லை, மூன்று நாள் எடுத்துக்கொண்டன. தனியாகவும் போகவில்லை, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கூட்டமாக இறங்கின. ஜெனியின் ஆராய்ச்சியே அந்தக் கூட்டத்தைப் பற்றியதாக மாறியது. ஏழு மாதம் பின்னால் போய்த்தான் ஆரம்பித்தாள்.

ஏழுமலையிடமும் மறைக்கவில்லை. தையல் போட்ட கன்னத்தைத் தடவிக்கொண்டே கேட்டார். "அப்போ இம்மாநாளா எவன் செல்ல நான் விசாரிச்சுகினு இருந்தேன்?" சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "இப்போ கீறது என்துதானா? பேப்பர் கீதா?" என்றார். டெஸ்ட் ரிசல்ட்டை எடுத்துக் காட்டினேன். தன் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்கினார்.

5. கை

நான் ரிட்டயராவதற்கு முந்தின வாரம் ஜெனி கையில் கொதிக்கிற டீயைக் கொட்டிக்கொண்டு கட்டுப் போட்டிருந்தாள். வேறு வழியில்லாமல் மீடியா மாற்ற என்னைக் கூப்பிட்டாள். செல்லைத் தூசி படாமல் கையாளும் கண்ணாடிக் கூண்டான ஹூட் முன்னால் நான் உட்கார்ந்ததும், ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

"பாட்டில் நம்பர் சொல்லுங்கக்கா."

சொன்னேன். கட்டுப் போட்ட கையாலேயே கோணல்மாணலாகக் கட்டத்தில் எழுதினாள்.

"பிப்பெட் புச்சா?"

உறையோடு தூக்கிக் காட்டினேன். அவள் கண் என் விரலை விட்டு நகரவில்லை. முதலில் முகம் சூடாகிவிட்டது. நான் ஹூட்டில் உட்கார ஆரம்பித்தபோது இவள் பிறந்திருக்கக்கூட மாட்டாள். அப்புறம் அந்தச் சூடு அடங்கி, எனக்கு நிம்மதியாகவே இருந்தது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். சீனியர் என்றால் அவர் பாட்டில் நம்பரைத்தான் முதலில் கேளுங்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். முப்பது வருடத்தில் என்னிடம் யாரும் கேட்டதில்லை. யாராவது கேட்டிருந்தால் ஜெனிக்கு அந்த ஏழு மாதம் போயிருக்காது.