செவ்வாய்க்கிழமை ஆகாத காப்புறுதி

சிங்கப்பூர் மலேசியாவோடு சேர்ந்திருந்த நாட்களில் சிராங்கூன் சாலையில் எனக்கு மளிகைக் கடையும் ஒரு வேனும் இருந்தன. வேனுக்குக் காப்புறுதி எடுத்துக் கொடுத்தவர் ஓர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். கழுத்தில் டை, நெற்றியில் விபூதி, பையில் பஞ்சாங்கம். மூளையை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வருவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை புக்கிட் மேராவில் சரக்கு இறக்கப் போனபோது என் வேன் டிரைஷா என்ற சைக்கிள் ரிக்‌ஷா ஒன்றை இடித்துத் தள்ளியது. அதை மிதித்து வந்த சீனப் பெரியவர் சாலையில் விழுந்து கிடந்தார். எதிர்க்கடையிலிருந்து ஏஜெண்டுக்குப் போன் போட்டேன்.

“பழைய இன்சூரன்ஸ் நேத்தோட முடிஞ்சிடுச்சே அண்ணே. புதுசு நாளைக்குத்தான் ஆரம்பம்.”

“அப்ப இன்னிக்கு?”

“இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை லா! யாராச்சும் செவ்வாய்க்கிழமையில நல்ல காரியம் தொடங்குவாங்களா? உங்க நல்லதுக்குத்தான் புதன்கிழமைன்னு எழுதச் சொன்னேன்.”

நல்லவேளை, பெரியவர் முழங்கால் சிராய்ப்போடு எழுந்து, என்னை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனார். அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால், காப்புறுதி இல்லாமல் வண்டி ஓட்டியதற்கு நான்தான் கோர்ட்டில் நின்றிருப்பேன். பஞ்சாங்கமா வந்து சாட்சி சொல்லியிருக்கும்?

இப்போதெல்லாம் அஷ்டமியோ நவமியோ, பழையது முடிந்த மறுநாளே புதியது தொடங்குகிறதா என்று நானே பார்த்துவிடுகிறேன்.

மறு வருஷமும் அந்த மனிதர் வெட்கமில்லாமல் வந்தார்.

“வண்டி மோதுறதுக்கு நல்ல நாள் எதுன்னு பாத்துச் சொல்லுங்க. அன்னிக்கு மட்டும் இன்சூரன்ஸ் எடுத்துக்கிறேன்” என்றேன்.

விரலில் எச்சில் தொட்டுப் பஞ்சாங்கத்தைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார்.