வெள்ளைத் துணிக்கேற்ற பலகை

லிங்கநகரில் நான் திறக்கப்போகும் குழந்தை உடுப்புக் கடைக்குத் தட்டு அடிக்க வந்த தச்சர் இன்று பலாப் பலகையை அறுக்க, எழுந்த வாசம் என்னைத் துறைமுக வீதியில் அம்மா நடத்திய, இப்போது வாகனத் தரிப்பிடமாகிவிட்ட கடைக்குள் கொண்டுபோய் விட்டது. தேவாலயத்தில் முதன்முதலாக நற்கருணை வாங்கி முதல்நன்மை எடுக்கும் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகள்தான் அங்கே விற்பனை. கடற்காற்றில் தட்டுகளெல்லாம் எப்போதும் ஈரம் பிடித்தே இருக்கும்; ஈர மரத்தின் சாயம் துணியில் ஏறிவிடும். அதனால் மரம் விற்க வருபவர்களிடம் "விடியப் பாப்பம்" என்று சொல்லிவிட்டு, அம்மா பலகையின் மேல் நனைத்த வெள்ளைக் கைலேஞ்சித் துணியை விரித்து, படிக்கல்லை ஏற்றி வைப்பார். பலா மஞ்சள் கக்கும், வேங்கை சிவப்புக் கக்கும். கடைசியில் கப்பலில் வந்த பெட்டிகளின் வெளிறிய பைன் பலகைதான் தேறியது.

"பெட்டிப் பலகையிலயோ கடை?" என்று சிரித்தவர்களிடம் அம்மா, "ஓம், என்ர தட்டு வடிவில்லாட்டிலும் பரவாயில்லை, பிள்ளையின்ர சட்டை வெள்ளையா இருந்தாக் காணும்" என்பார். முதல்நன்மை நாளில் கோயிலின் கடைசி வரிசை வாங்கிலில் இருந்துகொண்டு, பீடத்தை நோக்கி வரிசையாகப் போகும் பிள்ளைகளின் முதுகுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். ஒன்றிலும் கறை இருக்காது. அப்போது அம்மாவின் கழுத்து ஒரு விரற்கடை உயர்ந்திருக்கும்.

"பலா நல்ல மரம் அக்கா, யோசிக்காதேங்கோ," என்றார் தச்சர்.

நான் கைலேஞ்சியை நனைத்துப் பிழிந்தேன்.

"விடியப் பாப்பம்."