நான் பேசிக் காட்டிய சாட்சியம்

வழக்கறிஞர் மாநாட்டில் எனக்குக் கொடுத்திருந்தது மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய இருபது நிமிடம். அந்த நேரத்தை யாரும் கேட்டு வாங்குவதில்லை. பெரிய பெயர்கள் எல்லாம் காலையிலேயே பேசி முடித்து, பொன்னாடை வாங்கிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். இருந்தாலும் எனக்கு அது பெரிய விஷயமாக இருந்தது. திருவொற்றியூரில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே அலுவலகம் வைத்துக்கொண்டு, பதினெட்டு வருடமாகத் தொழிற்சாலை விபத்து வழக்குகளை மட்டுமே நடத்திக்கொண்டிருப்பவள் நான். தென்சென்னை ஓட்டல் ஒன்றின் குளிரூட்டிய அரங்கில், முந்நூறு வக்கீல்கள் முன்னால் பேச என்னை அதற்கு முன் யாரும் கூப்பிட்டதில்லை.

தலைப்பு, புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் ஒப்பந்தத் தொழிலாளர்களும். மூன்று வாரம் உட்கார்ந்து தயார் செய்திருந்தேன். பழைய சட்டத்தில் என்ன இருந்தது, புதியதில் என்ன மாறியிருக்கிறது, கான்ட்ராக்டர் வழியாக வந்தவனுக்கு அடிபட்டால் கம்பெனி எதுவரை பொறுப்பு என்று வரிசையாக எழுதி வைத்திருந்தேன். ஏழெட்டு நிமிடம் படித்ததும் நிமிர்ந்து பார்த்தேன். முன்வரிசையில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் கைபேசியில் இருந்தார்கள். காகிதத்தை மூடி வைத்துவிட்டு, ஒரு வழக்கைச் சொல்ல ஆரம்பித்தேன்.

அந்த வழக்கில் இறந்தவர் எண்ணூர்க்காரர். கான்ட்ராக்டர் மூலம் ஒரு ரசாயன ஆலையில் தொட்டி கழுவும் வேலை பார்த்தவர். ஒரு நாள் தொட்டிக்குள் இறங்கியவர் மயங்கி விழுந்து அங்கேயே போய்விட்டார். அன்றைக்கு அவருக்கு விடுமுறை என்றும், யாரும் கூப்பிடாமல் தானாக உள்ளே வந்து இறங்கினார் என்றும் கம்பெனி சொன்னது. சூப்பர்வைசர் போன் செய்து கூப்பிட்டதைப் பக்கத்தில் இருந்து கேட்டவர் அவருடைய மனைவி மட்டும்தான். வழக்கு முழுவதும் அவர் சாட்சியத்தின் மேல்தான் நின்றது.

குறுக்கு விசாரணையில் கம்பெனி வக்கீல் அவரிடம், "உங்க கணவர் குடிப்பாரா?" என்று கேட்டார். உயிர் போன வழக்கில் குடியைக் காட்டி இழப்பீட்டை மறுக்கச் சட்டத்தில் இடமில்லை. ஆனாலும் கேட்பார்கள். செத்தவர் மேல் கொஞ்சம் சேறு ஒட்டினால் போதும் அவர்களுக்கு. இல்லை என்று சொல்லிவிடுவார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன்.

அவர் நிமிர்ந்து நின்று சொன்னார். "குடிச்சிகினு இருந்தாரு சார். பொய் சொல்ல மாட்டேன். பொண்ணு வயசுக்கு வந்த அன்னிக்கு வுட்டாரு. நாலு வருசமா தொடல. அன்னிக்கு வூட்ல குந்திகினு இருந்தவர போன் போட்டுத்தான் இட்டுகினு போனாங்க."

தனக்குப் பாதகமானதையும் மறைக்காமல் சொன்னதால் இந்தச் சாட்சியை நம்புகிறேன் என்று இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் ஆணையர் தீர்ப்பில் எழுதினார். ஜெயித்தோம்.

இதைத்தான் மேடையில் சொன்னேன். ஆனால் சொல்லவில்லை, நடித்தேன். புடவைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகி, ஒரு கையை ஆட்டி, 'குடிச்சிகினு இருந்தாரு சார்' என்று குரலை உயர்த்தி இழுத்தேன். அரங்கம் ஒரே சிரிப்பு. தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்துவிட்டார். 'வூட்ல குந்திகினு' என்றதும் கைதட்டினார்கள். தட்டத் தட்ட, அவர் சொல்லாத ஒன்றிரண்டு வார்த்தைகளையும் சேர்த்துப் போட்டேன். நேரம் முடிந்து மணி அடித்த பிறகும் அமர்வின் தலைவர் என்னைத் தொடரச் சொன்னார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் ராயபுரத்தில் பிறந்தவள். அப்பா துறைமுகத்தில் சுமை வேலை. 'கீது', 'வந்துகினு' எல்லாம் எங்கள் வீட்டுப் பேச்சு. சட்டக் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே வகுப்பில் ஒரு பையன் நான் பேசியதைத் திருப்பிப் பேசிக் காட்டினான். அன்றிலிருந்து வாய்க்குக் காவல் போட்டேன். ஒரு வருடத்தில் கல்லூரியில் ஒரு பேச்சு, வீட்டில் ஒரு பேச்சு என்று பழகிவிட்டது. மேடையில் அவ்வளவு நன்றாக என்னால் பேசிக் காட்ட முடிந்ததற்குக் காரணம் அது என் பேச்சாக இருந்ததுதான். அன்றைக்கு அது எனக்குத் தோன்றவே இல்லை. மெட்ரோவில் திரும்பி வரும்போது சந்தோஷமாக இருந்தேன்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு மாலை, சாட்சி சொன்ன அந்த அம்மா அலுவலகத்துக்கு வந்தார். பள்ளிக்கூடம் ஒன்றில் துப்புரவு வேலை பார்க்கிறார். வேலை முடிந்து நேராக வந்திருந்தார். வழக்கு நடந்த காலத்தில் என்னை "யக்கா" என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு வாசலிலேயே நின்று, "மேடம், உள்ள வரலாமா?" என்றார்.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"நீங்க மேடையில பேசுனத பாத்தேன் மேடம்."

மாநாட்டை நடத்தியவர்கள் பேச்சுகளை இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். அது எனக்குத் தெரியும். அதிலிருந்து நான் பேசிக் காட்டிய பகுதியை மட்டும் யாரோ வெட்டி, சிரிப்புச் சத்தம் சேர்த்துப் பரப்பிவிட்டிருந்தது தெரியாது. அவருடைய மகள் வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். சாப்பாட்டு நேரத்தில் கூட வேலை பார்க்கும் பெண்கள் அதைப் போட்டுப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். இவளும் சேர்ந்து பார்த்திருக்கிறாள். பாதியில் ஒருத்தி, "ஏய், இது உங்கம்மா பேசற மாரியே கீதுடி" என்றிருக்கிறாள். ஒன்றும் தெரியாமல் சொன்னதுதான். தொட்டி, எண்ணூர், நாலு வருடம், வயதுக்கு வந்த அன்றைக்கு என்று ஒவ்வொன்றாக வர, இவளுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து போய்க் கை கழுவுகிற இடத்தில் நின்றிருக்கிறாள். அவள் வயதுக்கு வந்ததும் அதில் இருந்ததே.

"பேரு சொல்லலம்மா. ஊர் பேரைத் தவிர எதுவும் சொல்லல," என்றேன். வக்கீலின் முதல் பதில் அதுதானே.

"பேரு சொல்லல. தெருவுல எல்லாருக்கும் தெரியும்." என் மேசையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "நான் அப்டிதான் பேசறனா மேடம்? கைய ஆட்டி ஆட்டி?"

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன்.

"கோர்ட்ல நான் சொல்லசொல்லோ யாரும் சிரிக்கல. அந்த ஆபீசரு தலய குனிஞ்சிகினு எழுதிகினு இருந்தாரு. எதிர்ப்பக்கத்து வக்கீலுகூட சிரிக்கல. நீங்க சொல்லசொல்லோ இன்னாத்துக்கு சிரிச்சாங்க?"

"தப்புதான். என்னோட தப்பு," என்றேன். "எடுக்கச் சொல்றேன்."

போகத் திரும்பியவர், படியருகில் நின்றார்.

"சொல்றதுன்னா அவுரு எப்டி செத்தாருன்னு சொல்லியிருக்கலாமே. எறங்கறதுக்கு முன்னாடி இடுப்புக்கு கயிறு கேட்டாரு. மாஸ்க் கேட்டாரு. அதெல்லாம் வச்சிருக்கற ரூமு பூட்டிகீது, சாவி வச்சிருக்கறவன் சாப்புட போய்கீறான், நீ எறங்குன்னாங்க. அத்த நீங்க சொல்லவே இல்லியே."

இது எனக்குத் தெரியும். கூட வேலை பார்த்த ஒருவர் சாவு வீட்டில் அவரிடம் சொன்னது. அந்த ஆளைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டோம். வேலை போய்விடும் என்று வரவில்லை. அதனால் அதை விட்டுவிட்டு வழக்கை நடத்தினோம்.

"அது ரெக்கார்டுல இல்லம்மா," என்றேன்.

"நான் பேசற விதம் மட்டும் ரெக்கார்டுல கீதா?"

அவர் இறங்கிப் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, அந்தத் துண்டுப் படத்தை முதல்முறையாகப் பார்த்தேன். முழுவதும் பார்க்க முடியவில்லை. அதில் இருந்தது அந்த அம்மா இல்லை. அவர் கோர்ட்டில் கையை ஆட்டவே இல்லை. கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். என் வகுப்புப் பையன் செய்ததைத்தான் நான் செய்திருந்தேன், அவனைவிடத் திறமையாக.

மாநாட்டுச் செயலாளரைக் கூப்பிட்டேன். "மேடம், மொத்தத்துல உங்க பேச்சுதான் நல்லா போயிருக்கு. எதுக்கு எடுக்கணும்?" என்றார். கடிதமாக எழுதி நேரில் கொண்டுபோய்க் கொடுத்த பிறகு எடுத்தார்கள். வெட்டிய துண்டு பரவியது பரவியதுதான். நான் பார்த்துப் பார்த்துப் புகார் கொடுத்ததில் சில போயின. சில இன்னும் எங்கோ இருக்கின்றன.

அடுத்த அழைப்பு சேலத்திலிருந்து வந்தது. அங்கேயும் வழக்கறிஞர் கூட்டம், அதே தலைப்பு. கூப்பிட்டவர் போனை வைக்கும் முன் சொன்னார்: "அந்த அம்மா மாதிரி பேசிக் காட்டுவீங்களே, அதை விட்டுடாதீங்க."

மறுத்துவிடலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு எண்ணூருக்குப் போய் அந்த அம்மாவைப் பார்த்தேன். வீட்டுக்குள் மகள் இருந்தாள், வெளியே வரவில்லை. கூட்டத்தைப் பற்றிச் சொல்லி, "கயிறு கேட்டதைச் சொல்லட்டுமா? நீங்க வேணாம்னா இந்த வழக்கையே எடுக்க மாட்டேன்," என்றேன்.

தெருக்கோடியில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

"சொல்லுங்க," என்றார். "என்ன மாரி பேசாதீங்க. உங்கள மாரி பேசுங்க."

சேலத்தில் நான் எழுதி வைத்திருந்ததைப் படிக்கவில்லை. எந்தப் பேச்சில் பேசுவது என்றுதான் குழப்பமாக இருந்தது. என்னைப் போல என்றால் எது? கடைசியில் வீட்டில் என் அம்மாவிடம் பேசுவதுபோல மெதுவாகப் பேசினேன். அங்கங்கே 'கீது' வந்தது. திருத்தவில்லை. ஒருவர் தொட்டிக்குள் இறங்கும் முன் கயிறு கேட்டார், முகமூடி கேட்டார், அறை பூட்டியிருந்தது, இறங்கச் சொன்னார்கள், இறங்கினார் என்று சொன்னேன். இதை என்னால் நிரூபிக்க முடியவில்லை, தீர்ப்பில் இது இல்லை, அவர் மனைவி சொல்லச் சொன்னதால் சொல்கிறேன் என்றும் சொன்னேன். அதற்குப் பிறகுதான் சட்டப் பிரிவுகளுக்குப் போனேன்.

யாரும் சிரிக்கவில்லை. பெரிதாகக் கைதட்டவும் இல்லை. கேள்வி நேரத்தில், கம்பெனிகளுக்காக வாதாடும் ஒரு மூத்தவர் எழுந்தார். "நேரில் பார்த்த சாட்சி இல்லாத ஒன்றை வக்கீல் மேடையில் சொல்லலாமா? கேள்விப்பட்டது சாட்சியம் ஆகுமா?"

"ஆகாது," என்றேன். "நீங்க சொல்றது சரிதான். ஆனா இதுக்கு முந்தின மேடையில நான் எடுத்தது ரெக்கார்டுல இருந்த சாட்சியம். அப்பதான் நான் தப்பு பண்ணேன்." அந்தத் தப்பு என்ன என்பதையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார்.

வெளியே தேநீர் குடிக்கும்போது ராணிப்பேட்டையிலிருந்து வந்திருந்த ஒரு பெண் வக்கீல் பக்கத்தில் வந்தார். தோல் பதனிடும் தொழிற்சாலை வழக்குகள் பார்ப்பவராம். "ஒண்ணு கேக்கலாமா? ஸ்டோர் ரூம் சாவியை எடுத்தது, வச்சதுன்னு ஒரு நோட்டு போட்டிருப்பாங்களே. அதைக் கோர்ட்டுக்குக் கொண்டு வரச் சொல்லி மனு போட்டீங்களா?"

போடவில்லை. பதினெட்டு வருடத்தில் ஒருமுறைகூட அப்படி ஒன்றைக் கேட்கத் தோன்றியதில்லை. வருகைப் பதிவேடு கேட்டிருக்கிறேன், வேலை அனுமதிச் சீட்டு கேட்டிருக்கிறேன், சம்பளப் பட்டியல் கேட்டிருக்கிறேன். சாவி நோட்டைக் கேட்டதில்லை. அன்றைக்கு அறை திறக்கப்படவே இல்லை என்று அதில் இருந்திருந்தால், பயந்து ஒதுங்கிய அந்த ஆள் வராமலேயே கயிறு தீர்ப்பில் ஏறியிருக்கும். கையில் பிடித்திருந்த தேநீரைக் குடிக்காமல் அப்படியே வைத்துவிட்டேன்.

ஊருக்கு வந்ததும் இதை அந்த அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று தயங்கினேன். சொல்லாமல் இருந்தால் மறுபடியும் அவர் விஷயத்தில் நானே முடிவெடுத்ததாகிவிடும். போய்ச் சொன்னேன். பள்ளிக்கூட வாசலில், வேலை முடிந்து அவர் வெளியே வரும்போது.

"அப்பவே கேட்டிருந்தா கயித்த பத்தி தீர்ப்புல எழுதியிருப்பாங்களா?"

"எழுதியிருக்கலாம். நிச்சயமா சொல்ல முடியாது. நான் கேட்கல, அதான் உண்மை."

அவர் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"இனிமே வர்றவங்களுக்காவது கேளுங்க," என்றார். பஸ் வந்தது, ஏறிப் போனார்.

கேட்கிறேன். தொட்டி, குழி, கிடங்கு என்று எந்த வழக்கு வந்தாலும் என் முதல் மனுவில் சாவி நோட்டு இருக்கிறது. பாதிக் கம்பெனிகள் அப்படி ஒன்றே கிடையாது என்கின்றன. மணலிப் பக்கத்து வழக்கு ஒன்றில் மட்டும் கொண்டுவந்து கொடுத்தார்கள்; அது நடந்துகொண்டிருக்கிறது. இதை எழுதும் முன்பும் அந்த அம்மாவிடம் கேட்டேன். அவரைப் பற்றிய பகுதிகளைப் படித்துக் காட்டினேன். இரண்டு இடங்களை எடுக்கச் சொன்னார். எடுத்துவிட்டேன்.

மகளிடம் நான் இன்னும் பேசவில்லை. பேசப் பார்த்தேன். காலையில் உயர் நீதிமன்றத்துக்குப் போக நான் திருவொற்றியூரில் மெட்ரோவில் ஏறும்போது, அவள் சில நாள் விம்கோ நகரிலிருந்து அதே பெட்டியில் வருவாள். முதல்முறை பக்கத்தில் போய் அவள் அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "நல்லா கீறாங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள். இப்போது அவள் நிற்பதைப் பார்த்தால் நானே வேறு கதவில் ஏறிக்கொள்கிறேன்.