அப்பா இருமாத நாட்கள்

அப்பாவின் விலா எலும்புகள் ஐந்து முறிந்த அன்று நான் புதுச்சேரியில், ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். மருந்தியலில் முனைவர் பட்டத்துக்கு நாலாவது வருஷம். உடம்பின் ஓரிடத்தை மட்டும் மரத்துப்போக வைக்கும் மருந்தைக் கண்ணுக்குத் தெரியாத கொழுப்புக் குமிழிகளுக்குள் அடைப்பது என் வேலை. அந்தக் குமிழிக்கு லைப்போசோம் என்று பெயர். மருந்தை அப்படியே ஊசியில் ஏற்றினால் சில மணி நேரத்தில் வலி திரும்பிவிடும். அளவைக் கூட்டினாலோ, ரத்தத்தில் கலந்து இதயத்தை நிறுத்திவிடக்கூடும். குமிழிக்குள் இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து ஓரிரண்டு நாள் வலியைத் தள்ளிவைக்கும். வெளிநாட்டில் இந்த வகை ஊசி புழக்கத்துக்கு வந்துவிட்டது. எங்கள் ஊரான காரைக்காலில் நான் பார்த்ததில்லை. நான் செய்துகொண்டிருந்தது எலிகளுக்கு.

அம்மா போனில் அழவில்லை. "ஒங்கப்பா போட்டுலேந்து எறங்கயில வழுக்கிட்டாரு பாப்பா. போட்டுக்கும் கரைச் சுவத்துக்கும் நடுவுல நெஞ்சு மாட்டிக்கிச்சு. நீ வந்துடு" என்றாள். பஸ் காரைக்காலுக்கு முந்தின பூவத்தைத் தாண்டும்போது மறுபடி கூப்பிட்டாள். "பேசுறாரு, பயப்படாத."

பேசினார்தான். ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு. விசைப்படகு ஓட்டி, என்ஜின் சத்தத்துக்கு மேல் கத்தியே பழகிய குரல், ஆஸ்பத்திரிக் கட்டிலை விட்டு வெளியே வரவில்லை.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் ஒரு பெண். விலா எலும்புகளுக்கு நடுவே ஓடும் நரம்புகளைத் தேடி ஊசி போட்டார். அரைமணியில் அப்பா எழுந்து உட்கார்ந்தார். நன்றாக இருமிச் சளியைத் துப்பினார். இட்லி தின்றார். விழுந்த அன்றைக்குப் பிடித்த சங்கரா மீன் யாருக்குப் போனது என்று விசாரித்தார். சாயங்காலம் மருந்தின் வேகம் விட்டதும் விலாவைப் பிடித்தபடி சாய்ந்துவிட்டார்.

"இருமணும் ஐயா. சளி உள்ள தங்குனா நுரையீரல் கெட்டுடும்" என்றார் டாக்டர்.

"இருமுனா கத்தி எறங்குதுங்க டாக்டரம்மா."

டாக்டர் என்னை வெளியே அழைத்துச் சொன்னார். அப்பா ஏற்கெனவே இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். அதனால் வலி மருந்துக்காக முதுகுத்தண்டில் குழாய் வைக்க முடியாது, உள்ளே ரத்தம் கசியும். தூக்கம் தரும் வலி மருந்தைக் கூட்டினால் மூச்சு இன்னும் குறையும். மரத்துப்போகும் ஊசியை நினைத்தபோதெல்லாம் போடவும் முடியாது, இதயம் தாங்காது. ஒவ்வொன்றையும் அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. என் ஆய்வறிக்கையின் முதல் அத்தியாயத்தில் நானே எழுதியிருந்தவை அவை.

மூன்றாம் நாள் அப்பா கேட்டார். "நீ செய்யிறியே, வெங்காயம் மாதிரி தோல் தோலா இருக்கும்னியே, அந்த மருந்து. அது ரெண்டு நாளு நிக்கும்ல?"

"அது எலிக்குப்பா."

"என்னையும் ஒரு எலின்னு நெனச்சுக்க." சிரிக்கப் போய், வலியில் முகம் கோணி, கண்ணை மூடிக்கொண்டார்.

ஆய்வுக்கூடத்துக் குளிர்பெட்டியில் என் கையெழுத்தில் ஒட்டுத்தாளோடு ஒரு சிறு புட்டி இருந்தது. ஐஸ் போட்ட டப்பாவில் வைத்தால் நாலு மணி நேரத்தில் காரைக்காலுக்குக் கொண்டுவந்துவிடலாம். புதுச்சேரி பஸ் எப்போது என்று விசாரித்தும் வைத்தேன். பிறகு அதைப் போட முடியுமா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"மனுஷங்களுக்குப் போட்டுப் பாத்திருக்கீங்களா?"

"இல்லீங்க."

"அப்ப என்ன செய்யச் சொல்றீங்க என்னை?"

அப்பாவிடம் திரும்பிவந்து, "முடியாதுப்பா" என்றேன். "சரி விடு" என்றார். அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இருமல் வரும்போதெல்லாம் உதட்டைக் கடித்து விழுங்கிக்கொண்டார். ஊசி வேலை செய்யும் நேரங்களில் மட்டும் இருமினார், அது போதவில்லை. ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்தது. எக்ஸ்ரேயில் வலப்பக்க நுரையீரலின் கீழ்ப்பாதி சளி கட்டி வெள்ளையாக இருந்தது. ஒன்பதாம் நாள் காலை, செயற்கை மூச்சுக்காகத் தொண்டையில் குழாய் போட்டிருந்த நிலையிலேயே போய்விட்டார். அப்போது அவர் கை என் கையில் இருந்தது. அதற்குள்ளேயே அது குளிர்ந்திருந்தது.

காரியங்கள் முடிந்து ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பியதும் முதலில் அந்தப் புட்டியை எடுத்துப் பரிசோதித்தேன். குளிர்பெட்டியில் இருந்தபடியே குமிழிகள் கெட்டிருந்தன. மருந்தில் பெரும்பங்கு ஏற்கெனவே வெளியே கசிந்து கிடந்தது. அதை அவருக்கு ஏற்றியிருந்தால் இரண்டு நாள் மருந்தும் ஒரே மூச்சில் ரத்தத்துக்குப் போயிருக்கும்.

அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். நான் செய்தது சரிதான் என்று யாராவது சொல்லவேண்டும்போல் இருந்தது.

அவள் முழுவதையும் கேட்டாள். "அப்ப நீ நல்லதுதான் செஞ்சிருக்க" என்றாள். பிறகு, "ஒங்கிட்ட கேட்ட மறுநாளே ஒங்கப்பா எங்கிட்ட சொன்னாரு. புள்ளகிட்ட அதக் கேட்டிருக்கக் கூடாது, அவ மொகம் செத்துப்போச்சு, பாக்க முடியலன்னாரு" என்றாள்.

நான் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். அவளும் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் யாரோ துக்கம் விசாரிக்க வந்த சத்தம் கேட்டது. அம்மா, "வாங்க, உக்காருங்க" என்றாள்.

கொழுப்பின் அளவை மாற்றி மறுபடி செய்தேன். நாலைந்து மாதமாயிற்று. புதுக் குமிழிகள் கசியவில்லை. மருந்து ஏற்றிய எலி, சூடான தட்டில் கால் பட்டும் மறுநாள் முழுக்க வலி தெரியாமல் அதை இழுத்துக்கொள்ளவில்லை. கூட வேலை செய்கிறவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நேரத்தை நோட்டில் எழுதினேன். எலிக்குத் தண்ணீர் வைத்தேன். பிறகு கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காதபடி அழுதேன்.