கொண்டக்டரின் மௌன விரதம்

என் கரிநாக்குதான் மகளுக்கு நோயைக் கொண்டுவந்தது என்று நம்பிய முட்டாள் நான். நிலாவெளிப் பாதையில் ஓடும் பஸ்ஸில் கொண்டக்டர். வாய்தான் என் தொழில். மகள் யதுஷா காலை இழுத்து இழுத்து நடந்தபோது, "கிழவி, சீட் தரட்டா?" என்று பகிடி விட்டவன். பிறகு டொக்டர் அது சிறுவர்களுக்கு வரும் மூட்டுவாதம் என்றார், உடம்பின் காவலே உடம்பைத் தாக்குகிறதாம். அன்றோடு எனக்குச் சிரிப்பு போனது.

மருந்தில் தேறியவள், சில வருடங்களுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் மறுபடி வாடினாள். காய்ச்சல். களைப்பு. ஒரு காலை அவள் பல் விளக்கிய பேசினில் சிவப்பு நுரை. தொடையில் நீலக் கறைகள். இன்றும் குழாயைத் திறக்குமுன் பேசினைத்தான் பார்க்கிறேன்.

"அம்மாட்டச் சொல்லாதீங்கோ அப்பா, அழுவா" என்றாள். நான் சொல்லவில்லை. அம்மாள் கோயிலுக்கு ஓடினேன். பிள்ளை சுகமாகும்வரை பேசமாட்டேன், எழுதிக் காட்டவும் மாட்டேன் என்று நேர்த்தி வைத்தேன். ஊமைக் கொண்டக்டரை நம்பி ஏறிய சனம், இறங்கவேண்டிய இடம் தாண்டிப் போய் என்னைத் திட்டித் தீர்த்தது.

கிளினிக்கில் என் மனுசிதான் கதைத்தாள். பழைய வாதம் கூடியிருக்கலாம், மருந்தைக் கூட்டிப் பார்ப்போம் என்று டொக்டர் எழுதத் தொடங்கினார். இரத்தம் வந்த கதை எனக்கு மட்டுமே தெரியும். நான் பல்லைக் காட்டினேன். முரசை, பல் ஈறைத் தொட்டுக் காட்டினேன்.

"ஐயா, உங்கட பல்லை அங்கால கட்டிடத்தில பாப்பினம்" என்றார்.

கண்ணை மூடினேன். அம்மாளே, நேர்த்தியை விடுவதா, பிள்ளையை விடுவதா, நீயே சொல்லு.

தாயின் மடியில் கிடந்த மகள் கண் திறந்தாள். "அப்பா, நீங்க கதைக்காம இருக்கிறது எனக்குப் பயமா இருக்கு. கதையுங்கோ."

எனக்கு அது அம்மாளின் குரல். வாயைத் திறந்தேன். "டொக்டர், பிள்ளைக்கு முரசால இரத்தம் வருது. தொடையிலயும் நீலம் நீலமாக் கன்றிக் கிடக்கு."

பேனை நின்றது. மனுசி என்னைப் பார்த்த பார்வை இன்னும் கனவில் வருகிறது. அன்றே இரத்தம் எடுத்தார்கள். பிறகு கொழும்பில் எலும்புக்குள் இருக்கும் என்பு மச்சையும் எடுத்துச் சோதித்தார்கள்.

என் கதையைக் கேட்கும் அம்மாளின் அடியார்களே, அவளுக்கு நம்முடைய ஊமைவேஷம் தேவையில்லை. பிள்ளையில் கண்டதை மறைக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள். மிச்சப் பாரத்தை அவள் காலடியில் வையுங்கள். தாங்குவாள்.

மகளுக்கு வந்திருந்தது இரத்தப் புற்றுநோய். மூட்டுவாதம் உள்ள பிள்ளைக்கும் அது வரலாம், ஒன்று மற்றதை மறைத்துவிடும் என்றார்கள். நேரத்தோடு பிடித்தார்கள். முடி கொட்டியது, முளைத்தது. கடைசிச் சோதனையில் புற்றுநோய் இல்லை. முழங்கால் இன்னும் வீங்குகிறது.